நூறு ஆர், ஒரு ரைட்டும் இல்லை

1. மணி அடிக்காத காலை

இங்கிரிட் வந்த அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கவில்லை. அடிக்க வேண்டியவள் நான். நானோ கையில் சாமந்தி மாலையுடன் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஹெட்மாஸ்டர் ஏகாம்பரம் சார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி நின்றிருந்தார்.

அது எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டம். எதற்கெடுத்தாலும் வேலூருக்கு ஓட வேண்டும். எங்களுடையது பெரிய கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த உதவி பெறும் ஆரம்பப் பள்ளி. மூன்று ஓட்டு அறைகள், நான்கு ஆசிரியர்கள். பூக்கட்டுகிறவர்கள், ஜட்கா வண்டி ஓட்டுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். பாதிப் பேர் மதியச் சோற்றுக்காக வந்தார்கள். பசிக்கிற பிள்ளை சோற்றுக்கு வருவதில் தப்பொன்றும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர், பெயர் சகுந்தலா.

ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண், ஏழைப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்று ஆளனுப்பியிருந்தாள். கேட்டதிலிருந்து சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"சகுந்தலா டீச்சர், கான்வென்ட்டு பிள்ளைங்களுக்கே கெடைக்காத பாக்கியம். லண்டன் இங்கிலீஷ் நேரா நம்ம பிள்ளைங்க காதுல வந்து விழப்போவுது!"

"லண்டன்னு யாரு சார் சொன்னா?"

"வெள்ளைக்காரங்க டீச்சர்! வேற எங்கருந்து வருவாங்க?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் இதுதான் முதலாவது.

அவள் வாடகை சைக்கிளில் வந்து இறங்கினாள். கைத்தறிப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். இருபத்திமூன்று, இருபத்திநாலு வயதிருக்கும். அவள் ஊரில் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளாம். வகுப்புக்குள் வந்ததும் சாக்பீஸை இரண்டு முறை கீழே போட்டாள். நாங்கள் அவளைப் பார்த்து மிரண்டதைவிட அவள்தான் எங்களைப் பார்த்து அதிகம் மிரண்டிருக்கிறாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. என் பிரம்பை எடுத்து பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"மை நேம் ஈஸ் இங்கிரிட்" என்றாள்.

நாற்பது பிள்ளைகளும் ராகம் போட்டு, "மை நேம் ஈஸ் இங்கிலீ...ஷ்" என்றார்கள்.

மறுபடி சொன்னாள். அவர்களும் மறுபடி அதையே சொன்னார்கள். மூன்றாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் இங்கிலீஷ் மிஸ்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர் உண்ணாமலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, எப்போதும் முதல் வரிசை. நான் ஒருமுறை சொன்னதை இரண்டாவது முறை சொல்ல வேண்டாத பிள்ளை. அவளுடைய அப்பா மாணிக்கம், ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டுகிறவர். இங்கிரிட்டை ஸ்டேஷனிலிருந்து ஆசிரமத்துக்கு ஏற்றிப்போனவரும் அவர்தான். பெண்ணை ஐந்தாவதோடு நிறுத்திவிடுவதென்று இருந்தவர். நான் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கிரிட் வரப்போகிற செய்தி தெரிந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி டீச்சர். அந்த இங்கிலீஷ் அம்மாகிட்ட இவ தேறிட்டான்னா ஆறாவது சேக்கறேன். இல்லன்னா பெங்களூர்ல என் தங்கச்சி வூட்ல போய் இருக்கட்டும். அங்க ஊதுபத்தி உருட்டற வேலை ஜாஸ்தி. ரெண்டு வாரத்துல அவளே வரா, கையோட கூட்டிக்கினு போயிடுவா."

நான் சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். உண்ணாமலை தேறாமல் வேறு யார் தேறப்போகிறார்கள்?

2. சிவப்புப் பென்சில்

மூன்றாம் நாள் இங்கிரிட் கரும்பலகையில் ஒரு பையன், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாடு எல்லாம் வரைந்து, பத்து வினைச்சொற்களை எழுதிப் போட்டாள். அவன் என்னென்ன செய்கிறான் என்று பத்து வாக்கியம் எழுத வேண்டும். நோட்டுகளை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் காலையில் சிவப்புப் பென்சிலால் திருத்திக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வகுப்பில் ஒரே கூச்சல். ரைட் மார்க் மழையாகப் பெய்திருந்தது. பெயரைக்கூட எழுத்து விட்டு எழுதுகிற தனலட்சுமிக்கு ஒன்பது ரைட். அவள் நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். இங்கிரிட்டும் முகமெல்லாம் சிரிப்பாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்ணாமலையின் நோட்டில் ஒரு ரைட் இல்லை. பத்து வாக்கியத்துக்கும் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து மட்டும் இருந்தது. அவள் நோட்டை மூடிவைத்துவிட்டாள்.

இங்கிரிட் போன பிறகு இரண்டு நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தனலட்சுமி எழுதியது 'ஹி கோ டு ஸ்கூல்'. அதற்கு ரைட். உண்ணாமலை எழுதியது 'ஹி கோஸ் டு ஸ்கூல்'. அதற்கு ஆர். 'ஹி' வந்தால் வினைச்சொல்லுக்குப் பின்னால் 'எஸ்' வரும் என்று டிரெய்னிங் ஸ்கூலில் மனப்பாடம் செய்தவள் நான். ஒன்பது வருடமாக அதைத்தான் சொல்லித் தருகிறேன். நோட்டுகளோடு சாரிடம் ஓடினேன்.

"சார், இங்க பாருங்க. கோ-ன்னு எழுதினதுக்கு ரைட்டு போட்டிருக்காங்க."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அவங்க பாஷை டீச்சர் அது. அவங்களே ரைட்டு போட்டிருக்கும்போது நம்ம யாருங்க அதைக் கேக்க? நம்ம படிச்சது பழைய இங்கிலீஷா இருக்கும். அங்க இப்ப மாத்தியிருப்பாங்க."

"அப்ப இந்த ஆர் எதுக்கு சார்?"

"ரிபீட்டு!" என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். "திருப்பி எழுதச் சொல்றாங்க. ஆர் வாங்கின பிள்ளைங்களுக்கு இம்போசிஷன் குடுங்க."

நான் கொடுத்தேன். ஆர் வாங்கியது நான்கே பேர், என் வகுப்பின் நான்கு கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அதோடு விட்டேனா? அன்று மதியம் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'ஹி கோ டு ஸ்கூல்' என்று எழுதி, இனிமேல் இப்படித்தான் என்று வகுப்பு முழுவதையும் சொல்லச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சரியை நானே என் கையால் அழித்தேன். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

மறுநாள் காலை இங்கிரிட் வந்தபோது அந்த எழுத்து அழிக்கப்படாமல் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு டஸ்டரை எடுத்துத் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள்.

தனலட்சுமியின் அம்மா செங்கேணி கோயில் வாசலில் பூ விற்கிறவள். அன்று சாயந்திரம் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் ரைட்டு விழுந்ததில்ல டீச்சர். எல்லாம் உங்க கை ராசி" என்று சொல்லி, என் தலையில் ஒரு முழம் முல்லை வைத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளும் வைத்தாள். ஒரு வாரம் நான் புதுப்பெண் மாதிரி பூவும் தலையுமாகத் திரிந்தேன்.

உண்ணாமலை சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து நூறு வாக்கியத்தையும், முதலில் எழுதியபடியே 'எஸ்' விடாமல், எழுதிக்கொண்டு வந்தாள். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. திங்கட்கிழமை இங்கிரிட் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்தாள். பக்கம் பக்கமாக, வரிக்கு வரி, நூறு ஆர்.

3. பேரை எடுத்துடுங்க

புதன்கிழமை காலை மாணிக்கத்தின் ஜட்கா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. வண்டிக்குள் ஒரு தகரப் பெட்டி. மேலே உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்த முகத்தோடு. மாணிக்கம் கையில் அந்த நோட்டு.

"டீச்சர், பேரை எடுத்துடுங்க. என் தங்கச்சி வந்துட்டா."

"என்ன மாணிக்கம் இது? அவசரப்படாதீங்க. நல்லா படிக்கிற பொண்ணு."

"நீங்க சொல்றீங்க டீச்சர். நோட்டு சொல்லலியே." பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். "நான் படிக்காதவன்தான். ஆனா ரைட்டு எது, இன்ட்டு எதுன்னு எனக்குத் தெரியும். வருசா வருசம் முனிசிபாலிட்டி ஆளு வந்து வண்டியப் பாத்து, குதிரையப் பாத்து, சாக்பீசுல ரைட்டு போடுவான். ரைட்டு இல்லாத வண்டி ஸ்டாண்டுல நிக்க முடியாது. என் வண்டிக்கு ஒரு வருசம்கூட ரைட்டு தவறினதில்ல. எம்பொண்ணு ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம எழுதினா டீச்சர். ஒண்ணாவது விழுந்துதா? பூக்காரி பொண்ணுக்கு ஒம்பது விழுது."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பிள்ளை படித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் அவரும் ஆசைப்பட்டுத்தான் இருந்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் இங்கிரிட் சைக்கிளில் வந்து இறங்கினாள். பெட்டியையும் பெண்ணையும் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டாள். உண்ணாமலையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள் என்றேன்.

"ஏன்? இந்த வகுப்பிலேயே இவள்தானே முதல்!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முதல் என்றால் ஏன் ஒரு ரைட்கூடப் போடவில்லை என்று, என் டிரெய்னிங் ஸ்கூல் இங்கிலீஷில், வாசலில் வைத்தே கேட்டேன். இந்தக் கேள்வியை ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. நோட்டை வாங்கி ஓர் ஆர் மேல் விரலை வைத்தாள். இது சரி என்பதற்கு அடையாளம், எங்கள் பாஷையில் சரி என்ற சொல் இந்த எழுத்தில்தான் தொடங்கும் என்றாள். அப்போது நீ போடுகிற ரைட் மார்க்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அது, இங்கே தப்பு இருக்கிறது பார் என்று காட்டுவதற்கு என்றாள்.

"உங்கள் பாஷை என்றால்? இங்கிலீஷ்தானே உன் பாஷை?"

"இல்லையே. நான் சுவீடன். இங்கிலீஷ் நானும் உங்களைப் போலப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன்."

வாசலுக்கு வந்து நின்றிருந்த ஏகாம்பரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது அப்படியொன்றும் அழுக்காக இல்லை.

பிள்ளைகள் தப்புக்குக் குதித்தபோது உனக்கு விசித்திரமாக இல்லையா என்று கேட்டேன். இங்கே பிள்ளைகள் தப்பு செய்ததற்கு வெட்கப்படுவதில்லை, எவ்வளவு நல்ல பழக்கம் என்று நினைத்து அம்மாவுக்குக் கடிதமே எழுதிவிட்டாளாம். நான் கரும்பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்தாயே, ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தியாவில் எத்தனையோ காலமாக இங்கிலீஷ் இருக்கிறது, இங்கே அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ, நேற்று வந்த நான் யார் திருத்துவதற்கு என்று இருந்துவிட்டாளாம்.

நான் அவளைப் பற்றி நினைத்ததையே அவளும் என்னைப் பற்றி நினைத்திருக்கிறாள். வண்டியில் இருந்த உண்ணாமலையிடம் போனேன்.

"ஏண்டி, நீ எழுதினது சரின்னு உனக்குத் தெரியும்தானே? நான்தானே சொல்லிக் குடுத்தேன்? ஏன் என்கிட்ட கேக்கல?"

"தெரியும் டீச்சர்" என்றாள் மெதுவாக. "ஆனா நீங்களும் இங்கிலீஷ் மிஸ்ஸும் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

4. நானும் எழுதினேன்

மாணிக்கத்துக்கு நாங்கள் பேசியது எதுவும் பிடிபடவில்லை. "முடிவா சொல்லுங்க டீச்சர். ரைட்டா, தப்பா?"

"எல்லாமே ரைட்டு மாணிக்கம். நூறும் ரைட்டு."

இங்கிரிட் அவசர அவசரமாகச் சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒவ்வோர் ஆர் பக்கத்திலும் பெரிது பெரிதாக ரைட் போட ஆரம்பித்தாள். பத்துக்கூடப் போட்டிருக்க மாட்டாள். மாணிக்கம் கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார்.

"வாணாம்மா. பொண்ணு போறாளேன்னு பாவம் பாத்து இப்ப போடறீங்க. அப்பிடி போட்ட ரைட்டு ஸ்டாண்டுல செல்லாது."

அவர் சொன்னதும் நியாயம்தான். வாயால் சொல்லி அந்த மனிதரை நம்பவைக்க முடியாது. நான் விடுவிடுவென்று வகுப்புக்குள் போனேன். நாற்பது பிள்ளைகளின் முன்னால் சாக்பீஸை எடுத்தேன்.

"டீச்சர் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். சரியா எழுதினவங்களுக்கு இம்போசிஷன் குடுத்தேன். அதனால இப்ப எனக்கு இம்போசிஷன். எண்ணுங்க."

'ஹி கோஸ் டு ஸ்கூல்' என்று எழுதினேன். பிள்ளைகள், "ஒண்ணு" என்றார்கள். டீச்சர் இம்போசிஷன் எழுதுவதை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்? நாலாவது எழுதும்போது கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். ஆறாவதில் ஜன்னல் பக்கம் நிழல் தட்டியது. திரும்பிப் பார்த்தேன். மாணிக்கம் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று, நோட்டைக் கரும்பலகைக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஓர் எழுத்தின் உருவத்தையும் இன்னோர் எழுத்தின் உருவத்தையும் பொருத்திப் பார்க்கக் கண் போதும். நோட்டில் ஒரு விரலை நகர்த்துவார், பலகையைப் பார்ப்பார், மறுபடி நோட்டைப் பார்ப்பார். நடுவில் இருந்த அந்த 'எஸ்' வரும்போது விரல் நின்றது. வளைந்த எழுத்து இங்கேயும் இருந்தது, அங்கேயும் இருந்தது.

நான் பத்தாவதை முடித்தபோது, "டீச்சர்" என்று கூப்பிட்டார். "நீங்க இன்னிக்கு எழுதறத எம்பொண்ணு போன வாரமே எழுதியிருக்கா."

"ஆமா மாணிக்கம்."

"அப்ப நீங்க கரெக்டா எழுதியிருக்கீங்க" என்றார்.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். போய்ப் பெட்டியை இறக்கிப் பள்ளிக்கூட வாசலில் வைத்தார். உண்ணாமலை வண்டியிலிருந்து குதித்து, யாரையும் பார்க்காமல் நேரே முதல் வரிசையில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தகரப் பெட்டி சாயந்திரம்வரை வாசலிலேயே இருந்தது. தங்கச்சிக்கு என்ன சமாதானம் சொன்னாரோ, அது அவர்கள் வீட்டு விஷயம். ஜூன் மாதம் பெண்ணை ஆறாவதில் சேர்த்தார்.

இங்கிரிட் மூன்று மாதம் என்றவள் ஐந்து மாதம் இருந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி ரைட் போடப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு முறை போடும்போதும் கை கூசுகிறது என்பாள்.

எனக்கு இன்னொரு கடமை பாக்கி இருந்தது. அந்தப் புதன்கிழமை சாயந்திரமே கோயில் வாசலுக்குப் போய்ச் செங்கேணியிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையிலிருந்த பூவைக் கழற்றப் போனேன்.

"அட, வுடுங்க டீச்சர்" என்று என் கையைத் தட்டிவிட்டாள். "எம்பொண்ணுக்கு எவ்ளோ வரும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு வாரம் நல்லா இருந்துச்சி. அவளும் தெனமும் அழாம பள்ளிக்கூடம் வந்தா பாருங்க."

அதைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகு தனலட்சுமியைத் தினமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வருடக் கடைசியில் பத்துக்கு ஆறு எழுதினாள். எங்கள் ஊர் ரைட், ஆறு.

இனி, புதிதாக டீச்சர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எனக்கு, இங்கிரிட்டுக்கு, உண்ணாமலைக்கு என்று மூன்று பேருக்குச் சரி எது என்று தெரிந்திருந்தது. மூன்று பேரும் அடுத்தவருக்குத்தான் அதிகம் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் கிட்டத்தட்ட பெங்களூர் போயே போய்விட்டாள். உண்ணாமலைக்கு அந்தப் பயத்தைச் சொல்லித் தந்தது நான்தான் என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேளுங்கள். உங்களைக் கேட்கப் பிள்ளைகளையும் பழக்குங்கள்.

நான் பழக்கியது இப்படி. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, பணி ஓய்வு பெறும்வரை, தினமும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பேன். யாராவது கை தூக்கி, "டீச்சர், தப்பு" என்று சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போக மாட்டேன்.

முதல் நாள் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முதல் வரிசையிலிருந்து உண்ணாமலையின் கை மெதுவாக மேலே வந்தது.

"டீச்சர், மூணாவது வரியில எஸ் விட்டுட்டீங்க."

"சபாஷ்" என்று சொல்லி அவள் நோட்டில் பெரிதாக ஒரு ரைட் போட்டேன். நான் வேண்டுமென்று வைத்திருந்த தப்பு ஐந்தாவது வரியில் இருந்தது.